ஓலைப் பெட்டி கோணுகிறது: பிழை புத்தகத்திலா, கையிலா?

வாசகி கேட்டது:

"எங்கள் அம்மம்மா பனையோலையில் மூடுபெட்டி இழைப்பா. அவ இருந்த காலத்தில் நாங்கள் ஒருவரும் பழகவில்லை. இப்போது நானாகவே பழகுவோம் என்று மூன்று புத்தகங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வண்ணப் படங்கள் நிறைந்த வெளிநாட்டுக் கூடைப் புத்தகம். மற்றது தமிழ்நாட்டில் அச்சிட்டது. மூன்றாவது, பழைய பாடசாலைக் கைவேலைப் புத்தகம் ஒன்றின் போட்டோப்பிரதி. சொன்னபடியே செய்கிறேன். ஆனாலும் விளிம்பில் மடிக்கும்போது ஓலை வெடிக்கிறது. அடிப்பக்கம் ஒரு பக்கமாக இழுபட்டுக் கோணுகிறது. காய்ந்த பிறகு இடைவெளி விழுந்து வெளிச்சம் தெரிகிறது. மூடி பெட்டிக்குமேல் இறங்கவே இல்லை. எந்தப் புத்தகத்தை நம்புவது? சொல்லித்தர ஆளில்லாமல் புத்தகத்தால் மட்டும் பழக முடியுமா? தரம் 9 படிக்கும் மகன் வேறு, வலை முடியவும் நீந்தவும் புத்தகம் பார்த்தே பழகப் போகிறேன் என்று நிற்கிறான். அவனுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்."
களுவாஞ்சிக்குடி வாசகி

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

நீங்கள் எழுதிய நான்கு குறைகளில் கைப்பழக்கம் போதாமல் வந்தது ஒன்றுமில்லை. வெடிப்பும் இடைவெளியும் ஓலையின் ஈரத்தால் வருபவை. கோணல், ஓலையை அடுக்கிய விதத்தால் வருவது. மூடி இறங்காததற்குக் காரணம் வெறும் கணக்கு. இவை எல்லாமே எழுத்தில் சொல்லக்கூடியவை. ஆகவே உங்கள் கையை நொந்துகொள்ள வேண்டாம்.

கைவேலைப் புத்தகம் ஒன்றால் எண்ணிக்கையைச் சொல்ல முடியும், அளவைச் சொல்ல முடியும், எதற்குப் பின் எது என்ற ஒழுங்கைச் சொல்ல முடியும். எவ்வளவு இறுக்கி இழுப்பது, ஓலை எவ்வளவு பதமாக இருக்க வேண்டும் என்பவற்றை அதனால் விரலுக்குள் ஊட்டிவிட முடியாது. ஆனால் 'இப்படி இருந்தால் சரி, இப்படி இருந்தால் பிழை' என்று நாமே பார்த்துக்கொள்ள ஒரு சோதனையைச் சொல்லித்தர முடியும். அந்தச் சோதனைகள் உள்ள புத்தகத்தைத்தான் நம்ப வேண்டும். எத்தனை அழகான படம் இருந்தாலும், பிழை எங்கே வரும் என்று ஒரு வரிகூட இல்லாத புத்தகம் பார்த்து ரசிப்பதற்கு மட்டுமே.

உங்களிடமுள்ள மூன்றையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். வெளிநாட்டுக் கூடைப் புத்தகங்களில் பெரும்பாலும் பேசப்படுவது பிரம்பு, பிரம்பின் உட்தண்டு, வில்லோக் குச்சி போன்ற தடித்த பொருட்கள். அவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் வளைக்க வேண்டும். அரை மணி, ஒரு மணி என்று நேரமும் போட்டிருப்பார்கள். அந்த விதியை ஓலைக்குக் கொண்டுவந்தால் கெட்டது. ஓலை மெல்லியது, ஊறினால் அகலத்தில் பருக்கும். பருத்த நிலையில் நெருக்கமாக இழைத்துவிட்டு மறுநாள் பார்த்தால், காய்ந்து ஒடுங்கி இடைவெளி விட்டிருக்கும். நீங்கள் சொல்லும் வெளிச்சம் அதுதான். அந்தப் புத்தகம் பொய் சொல்லவில்லை, அது வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறது.

தமிழ்நாட்டுப் புத்தகத்தில் சிக்கல் சொல்லில். நாங்கள் 'இழைத்தல்' என்பதை அங்கே 'முடைதல்', 'பின்னுதல்' என்பார்கள். செட்டிநாட்டுப் பக்கம் ஓலைப் பெட்டியைக் 'கொட்டான்' என்பார்கள். புத்தகத்தின் முதற் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு அகராதி எழுதி வையுங்கள்: அவர்கள் சொல் இடப்பக்கம், உங்கள் வீட்டுச் சொல் வலப்பக்கம். இருபது சொல்லுக்குள் புத்தகம் உங்களுடையதாகிவிடும்.

மூன்றில் உங்களுக்கு உதவக்கூடியது அந்தப் பழைய போட்டோப்பிரதிதான். பாடசாலைக் கைவேலைப் புத்தகங்கள் வகுப்பறையில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் செய்விக்க எழுதப்பட்டவை. ஆகவே அவற்றில் படிமுறை தவறாது. அளவு அங்குலத்தில் இருக்கும். 1 அங்குலம் 25.4 மில்லிமீற்றர். பெருக்கி ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிரதியில் படம் கறுத்துப் போயிருந்தால், மேல் போகும் வாரையும் (வார் என்பது நீளமாகக் கிழித்தெடுத்த ஓலைக் கீற்று) கீழ் போகும் வாரையும் இரண்டு நிறப் பென்சிலால் தீட்டிவிடுங்கள். இழைப்பு வேலைக்கு வண்ணப் புகைப்படத்தைவிடக் கோட்டுப் படம் மேல். புகைப்படத்தில் நிழல் விழுந்த இடத்தில் வார் மேலே போகிறதா கீழே போகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது.

இனி ஓலைக்கு வருகிறேன்.

குருத்தோலை வெண்மையானது, மென்மையானது. நுண்ணிய வேலைக்கும் சாயம் போடுவதற்கும் ஏற்றது. பழகுகிறவருக்குக் குருத்துக்கு அடுத்த ஓலையான சார்வோலை போதும். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வெட்ட விடாதீர்கள், மரம் நொந்துவிடும். ஓலையை விரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, சுருட்டிக் கட்டி வைக்கலாம். இழைக்கப் போகும் நாளுக்கு முந்திய இரவு முற்றத்தில் பனி விழ விரித்து வைப்பது பழைய முறை. அது நல்ல முறையும்கூட. பனி இல்லாத காலத்தில், ஓலையை ஒரு நிமிடம் தண்ணீரில் நனைத்து உதறி, ஈரத் துவாயில் சுற்றி ஒரு மணி, இரண்டு மணி நேரம் வையுங்கள். துவாயின் ஈரம் ஓலைக்குள் மெல்ல இறங்கும்.

பதம் பார்ப்பது இப்படி. ஒரு துண்டை இரண்டாக மடித்து மடிப்பில் நகத்தால் அழுத்தி இழுங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்டாலோ மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ ஈரம் போதாது. மடிப்பில் தண்ணீர் கசிந்து விரல் நனைந்தால் ஈரம் கூடிவிட்டது. துணிபோல மடிந்து, விரித்தால் மெல்ல நிமிர்ந்து வந்தால் அதுவே பதம். இதை வேலை தொடங்கும்போது மட்டுமல்ல, அரை மணிக்கொரு முறை பாருங்கள். ஆனி ஆடியில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் நாட்களில், மடியில் வைத்திருக்கும் ஓலை கொஞ்ச நேரத்திலேயே உலர்ந்துவிடும். அந்த மாதங்களில் விடியப்புறம் இழையுங்கள், தொடாத வார்களைத் துவாய்க்குள்ளேயே வையுங்கள். மாரியில் தலைகீழ்: ஓலை காயாது, பெட்டி முடித்த பிறகும் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது வேலை முடிந்ததும் காற்றோட்டமான நிழலில் கவிழ்த்து வைத்துக் காயவிட வேண்டும். எங்கோ குளிர் நாட்டில் எழுதிய புத்தகம் கச்சானை அறிந்திருக்க நியாயமில்லை. இந்த இரண்டு வரியை நீங்கள்தான் ஓரத்தில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது வார்தல். எல்லா வாரும் ஒரே அகலமாக இருந்தால்தான் பெட்டி பெட்டியாக வரும். கண்ணால் அளந்து, ஓலை வேலைக்கான சிறு கத்தியாகிய சத்தகத்தால் வார்வது நீண்ட பழக்கத்தில் வருவது. பழகுகிறவர் ஒரு சின்ன மரத்துண்டில் இரண்டு தடித்த தையல் ஊசிகளைச் சரியாக 10 மில்லிமீற்றர் இடைவெளியில், முனை வெளியே தெரிய இறுக்கிக்கொள்ளலாம். ஓலையின் அடிப்பக்கத்தில் குத்தி நுனிவரை இழுத்தால் ஒரே அகல வார் கிடைக்கும். ஓலையின் நரம்போடு இழுங்கள். குறுக்கே சாய்ந்தால் வார் பாதியில் அறும்.

கோணலுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அகலம் ஒன்றாக இருந்தாலும், ஓலையின் அடிப்பக்கம் தடிப்பு, நுனி மெல்லிது. எல்லா அடியையும் ஒரே பக்கமாக வைத்து இழைத்தால் அந்தப் பக்கம் விறைத்து நிற்கும், மறுபக்கம் நெருங்கிவிடும், சதுரம் சாய்ந்துபோகும். ஒரு வாரின் அடி உங்கள் பக்கம் என்றால் அடுத்த வாரின் நுனி உங்கள் பக்கம் வர வேண்டும். இப்படி மாற்றி மாற்றி அடுக்குங்கள். பழகியவர்கள் இதை யோசிக்காமலே செய்கிறார்கள், அதனால்தான் பல புத்தகங்களில் இது விடுபட்டுப் போகிறது.

இப்போது ஒரு சிறு மூடுபெட்டியைக் கணக்கோடு சொல்கிறேன். உங்கள் புத்தகங்களின் கணக்கையும் இதே வழியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

10 மில்லிமீற்றர் அகலத்தில் 24 வார்கள் வேண்டும்: நெடுக்கே 12, குறுக்கே 12. ஒன்று விட்டு ஒன்றாக இழைத்தால் 12 சென்ரிமீற்றர்ச் சதுரம் வரும். பெட்டியின் அடியும் 12 சென்ரிமீற்றராக வரும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுவது. இந்த முறையில் பெட்டியின் மூலை சதுரத்தின் மூலையில் விழாது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலே விழும். நான்கு நடுப்புள்ளிகளையும் இணைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். உள்ளே சாய்ந்த சதுரம் ஒன்று கிடைக்கும். அதுதான் அடி. அதன் பக்கம் 12 ஐ 1.4 ஆல் வகுத்தால் வருவது, ஏறக்குறைய 8.5 சென்ரிமீற்றர். வெளியே மிஞ்சும் நான்கு முக்கோணங்களும் நிமிர்ந்து சுவராகும்.

வாரின் நீளமும் இப்படித்தான். சுவரில் வார் நேரே ஏறாது, சாய்ந்து ஏறும். ஆகவே 7 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 7 ஐ 1.4 ஆல் பெருக்கி 9.8 வேண்டும். சதுரத்துக்கு 12, இரண்டு பக்கச் சுவருக்கு 19.6, விளிம்பில் மடித்துச் சொருக இரு முனையிலும் 6 படி 12. கூட்டினால் 43.6. மேலும் கீழும் வளைந்து போவதில் கொஞ்சம் குறையும், நுனி பிய்ந்தும் போகும். 50 சென்ரிமீற்றருக்கு வெட்டுங்கள். உங்கள் புத்தகத்தில் நீளம் போடாமல் 'தேவையான அளவு' என்று இருந்தால், இந்தக் கணக்கைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மிகத் தாழ்வான பெட்டி இந்த அளவில் வராது. முக்கோணத்தின் உச்சியே 4.2 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும் என்பதால், அதற்குக் குறைந்த உயரத்தில் விளிம்பு மடிக்க இடமில்லை.

நீள்சதுரப் பெட்டி வேண்டுமென்றால் வேறு சதுரம் இழைக்கத் தேவையில்லை. 12 வாரை ஆறும் ஆறுமாகப் பிரிக்காமல் நான்கும் எட்டுமாகப் பிரியுங்கள். எதிரெதிரான இரண்டு மூலைகளிலிருந்து இருபுறமும் நாலு நாலு வார் எண்ணிக் குறி வையுங்கள். அடி 5.7 க்கு 11.3 சென்ரிமீற்றராக வரும்.

சதுரம் முடிந்ததும் உடனே மூலை எடுக்க வேண்டாம். அரை நாள் நிழலில் உலர விடுங்கள். ஓலை ஒடுங்கியதும் நடுவிலிருந்து வெளிநோக்கி ஒவ்வொரு வாராக நகத்தால் தள்ளி நெருக்குங்கள். வெளிச்சம் தெரியாத வரை நெருக்கிய பிறகு, ஓரங்களை உடுப்புக் கிளிப் போட்டுப் பிடித்து, மறுபடி இலேசாக ஈரப்படுத்தி மூலை எடுங்கள். பின்னால் வரும் இடைவெளியில் பெரும்பங்கு இந்த அரை நாளில் தீர்ந்துவிடும்.

மூலை எடுப்பதுதான் புத்தகத்தில் படித்தால் தலை சுற்றுகிற இடம். செய்தால் அவ்வளவு இல்லை. ஒரு பக்கத்தின் நடுவில் ஆறாவது, ஏழாவது வார்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று கடைசிக் குறுக்கு வாருக்கு மேலாலும் மற்றது கீழாலும் வந்திருக்கும். கீழால் வந்ததை மேலே எடுத்து, மேலால் வந்ததன் மீது குறுக்கே போடுங்கள். அந்தக் கணத்தில் சதுரம் தானாகவே எழும்பி மடியும். கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டு, இடப்பக்க ஆறு வாரையும் வலப்பக்க ஆறு வாரையும் ஒன்று விட்டு ஒன்றாக ஒன்றுக்குள் ஒன்று இழைத்துக்கொண்டே போங்கள். மூலை சரியாக விழுந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூலைப் புள்ளியைச் சுற்றியிருக்கும் சிறு கட்டங்களை எண்ணுங்கள். தட்டையான இழைப்பில் எந்தப் புள்ளியைச் சுற்றியும் நான்கு கட்டங்கள் இருக்கும். மூலையில் மூன்றுதான் இருக்க வேண்டும். நான்கு இருந்தால் அது மூலையல்ல, சும்மா வளைந்து நிற்கிறது, விட்டவுடன் நிமிர்ந்துவிடும். உங்கள் புத்தகத்தின் மூலைப் படத்திலும் மூன்று கட்டம் தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். தெரியாவிட்டால் அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் மூலை எடுக்க முடியாது.

விளிம்பில்தான் ஓலை கூர்மையாக மடிகிறது, அதனால்தான் அங்கே வெடிக்கிறது. அடியை முழுக்க மறுபடி நனைக்காதீர்கள். மேலே நிற்கும் நுனிகளை மட்டும் ஈரத் துணியால் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து, நகச் சோதனை செய்துவிட்டு மடியுங்கள். மடித்த வார் திரும்பிக் கீழே வரும்போது குறுக்கே போகும் வாரின் பாதையோடு ஒட்டிப் போகும். அதன்மேலேயே மூன்று நான்கு கட்டம்வரை சொருகி இழுத்து, மிஞ்சியதை வெட்டிவிடுங்கள். சொருகக் கடினமாக இருந்தால் சத்தகக் காம்பின் கூரால் வழி திறவுங்கள். உரித்த நாரால் விளிம்பைப் பொத்தினால் பெட்டி இன்னும் நாள் நிற்கும், ஆனால் அதை இரண்டாவது பெட்டியில் பாருங்கள்.

மூடி ஏன் இறங்கவில்லை? பல புத்தகங்களில் 'மூடியையும் இதே முறையில் சற்றுப் பெரிதாகச் செய்க' என்றுதான் இருக்கும். எதைப் பெரிதாக்குவது? வார்களைக் கூட்டலாம் என்று 12 க்குப் பதில் 14 போட்டால் மூடி 9.9 சென்ரிமீற்றராகிவிடும், தொளதொளவென்று ஆடும். 13 போட்டால் நடுவில் பிரிக்க முடியாது. எண்ணிக்கையை மாற்றாமல் வாரின் அகலத்தை மாற்றுவதுதான் வழி. 10 மில்லிமீற்றருக்குப் பதில் 10.5 இல் வார்ந்தால் சதுரம் 12.6, மூடி 8.9 சென்ரிமீற்றர். அந்த 4 மில்லிமீற்றர் வித்தியாசம் பெட்டியின் மடிந்த விளிம்புத் தடிப்புக்குச் சரியாகப் போய்விடும். ஆகவே ஊசிச் சட்டம் இரண்டு செய்துகொள்ளுங்கள். ஒன்று பெட்டிக்கு, ஒன்று மூடிக்கு. மூடி உயரம் 5 சென்ரிமீற்றர் என்றால் 45 சென்ரிமீற்றர் நீள வார்கள் போதும். பெட்டி நன்றாகக் காய்ந்த பிறகே மூடியை இழையுங்கள். இரண்டையும் ஈரத்தில் வைத்து அளந்தால் எந்த அளவும் நிற்காது.

சாயத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லவில்லை. முதல் மூன்று பெட்டிக்குச் சாயம் வேண்டாம். பிறகு போடும்போது ஒன்று மட்டும்: ஓலை அவித்த பானையில் பிறகு சமைக்கக் கூடாது.

வேறு புத்தகம் வாங்குவதானால், கடையில் நின்றபடியே பார்க்கக்கூடிய சில விடயங்கள் உள்ளன. முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் விடுங்கள், நடுவில் ஒரு வேலையைத் திறவுங்கள். எழுத்தில் 12 வார் என்றிருந்தால் படத்திலும் 12 இருக்கிறதா என்று எண்ணுங்கள். எண்ணிக்கை பொருந்தாவிட்டால், எழுதியவர் செய்து பார்க்கவில்லை அல்லது வரைந்தவர் வேறு எதையோ பார்த்து வரைந்திருக்கிறார். பொருளைத் தயார் செய்வதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறது என்று பாருங்கள். ஓலை வேலைக்கு அது நாலில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். படம் யாருடைய கண்ணிலிருந்து வரையப்பட்டது என்பதும் முக்கியம். செய்கிறவருக்கு எதிரே நின்று எடுத்த படமென்றால் இடமும் வலமும் மாறியிருக்கும். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் பக்கத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் படம் அவர்கள் கைக்கு மாறிவிடும்.

வாங்குவதற்கு முன் நூலகத்தில் தேடுங்கள். எமது பொது நூலகங்களில், பொருளுக்கு ஓர் எண் கொடுக்கும் தூயி (Dewey) பகுப்பின்படிதான் புத்தகம் அடுக்கியிருக்கும். கைவினை 745, நெசவும் தையலும் 746, அதற்குள் ஓலை, நாணல், கூடை வேலை 746.41. விளையாட்டும் பொழுதுபோக்கும் 790 முதல். முடிச்சுப் புத்தகம் கைவினைத் தட்டில் கிடைக்காவிட்டால் 623.88 இல் பாருங்கள். கயிற்று முடிச்சு கப்பலோட்டும் வேலையோடு சேர்த்து அங்கே வைக்கப்பட்டிருக்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் ஈழத்துப் பழைய தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. உங்கள் போட்டோப்பிரதி போன்ற பாடசாலை நூல்களை அங்கேயும் தேடிப் பாருங்கள்.

சொல்லித்தர ஆள் வேண்டுமா என்று கேட்டீர்கள். முழு நேரத்துக்குத் தேவையில்லை. ஆனால் ஒரு பின்னேரம் தேவை, அதுவும் இரண்டாவது பெட்டிக்குப் பிறகு. முதலிலேயே போனால் எதைக் கேட்பதென்று தெரியாது. இரண்டு பெட்டி செய்து, கோணியதையும் வெடித்ததையும் கையில் கொண்டுபோனால், இழைக்கத் தெரிந்த எந்த ஆச்சியும் அதைப் பார்த்த உடனே விரலை வைத்துக் காட்டிவிடுவா. அவ இறுக்கும்போது உங்கள் விரலை அந்த வாரின்மேல் வைத்துப் பாருங்கள். புத்தகம் தர முடியாதது அது ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் கைப்பணிப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். 1978 இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும் 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய அருங்கலைகள் பேரவையும் இந்தத் துறைக்கென்றே உள்ளவை.

அப்படிப் போகும்போது ஒரு கொப்பியும் கொண்டுபோங்கள். அவ ஓலைக்கும் வாருக்கும் மூலைக்கும் மடிப்புக்கும் சொல்கிற சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விரற்கடை, சாண் என்று அளவு சொன்னால், அவவின் விரலை அடிமட்டத்தில் வைத்து எத்தனை மில்லிமீற்றர் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் விரல் வேறு. அந்த எண் இல்லாவிட்டால் பேத்திக்கு அந்த அளவு உதவாது. அம்பாறைக் கரையோரத்துப் பன்பாய் (பன் புல்லில் செய்யும் பாய்) இழைப்பிலும் இப்படி எழுதிவைக்க வேண்டிய சொற்களும் அளவுகளும் ஏராளம். கைகள் இன்னும் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். மருதமுனைக் கைத்தறி போன்றதைப் பழக ஆசை வந்தால் மட்டும் புத்தகத்தோடு தொடங்க வேண்டாம். தறி இல்லாமல் தறிப் புத்தகத்தை வாசிப்பதால் ஒன்றும் விளங்காது, முதலில் தறிக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இனி தம்பிக்கு.

வலை முடிதல் புத்தகத்துக்கு மிகவும் ஒத்துவரும் வேலை, ஏனென்றால் ஒரே முடிச்சுத்தான் திரும்பத் திரும்ப. வலை ஊசி ஒன்று, கண்ணளவுக்கு (கண் என்பது வலையின் துளை) 2 சென்ரிமீற்றர் அகலமான வழுவழுப்பான பலகைத் துண்டு ஒன்று, கொஞ்சம் பருத்தி நூல். முதல் துண்டை நைலோனில் தொடங்க வேண்டாம், முடிச்சு வழுக்கும். கதிரைக் கால்கள் இரண்டுக்கிடையில் ஒரு கயிறு கட்டி அதில் 20 கண் போடச் சொல்லுங்கள். அடுத்த வரிசையில், பலகையை மேற்கண்ணின் அடியோடு ஒட்டி வைத்து, ஊசியைக் கண்ணுக்குள் கீழிருந்து மேலாக விட்டு இழுத்து, சேரும் இடத்தைப் பெருவிரலால் அமத்திப் பிடிக்க வேண்டும். நூலை மேலே ஒரு வளையமாக எறிந்து, கண்ணின் இரண்டு கால்களுக்கும் பின்னால் ஊசியைக் கொண்டுபோய் அந்த வளையத்துக்குள்ளால் எடுத்து இறுக்க வேண்டும். இறுகும்வரை பெருவிரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் முடிச்சுக் கண்ணின் அடிக்குக் கீழே நழுவிவிடும். பார்க்க முடிச்சுப் போலத்தான் இருக்கும், இழுத்தால் ஓடும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் பலகையை உருவிவிட்டு, ஒவ்வொரு கண்ணையும் இரு கையாலும் அகல இழுத்துப் பார்க்கட்டும். ஓடுகிற முடிச்சு அங்கேயே பிடிபடும்.

கண்ணளவு விடயத்தில் புத்தகங்கள் ஒன்றுக்கொன்று மாறும். சிலர் முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுவரை அளப்பார்கள். சிலர் கண்ணை நீட்டி இழுத்து முழு நீளத்தை அளப்பார்கள். 2 சென்ரிமீற்றர்ப் பலகையில் முடிந்தால் முதல் அளவில் 2, இரண்டாவது அளவில் 4. எந்த முறையென்று புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்த பிறகே வேலையில் இறங்க வேண்டும். நைலோனுக்கு மாறும்போது வளையத்தை இன்னொரு சுற்றுச் சுற்றி இரட்டை முடிச்சாகப் போட வேண்டும். பருத்தி நூற் காலத்தில் எழுதிய புத்தகங்களில் அது இருக்காது. வாவியில் வீசப் போகிற வலையென்றால் அனுமதிக்கப்பட்ட கண்ணளவைக் கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீச்சல் வேறு. சதுரங்கம் போன்ற ஒன்றை முழுக்கப் புத்தகத்திலேயே பழகலாம்; பலகையில் உள்ளது அத்தனையும் தாளில் எழுத முடியும், பிழைவிட்டால் ஆட்டம்தான் போகும். நீச்சலில் பிழைவிட்டால் மூச்சுப் போகும். கையும் காலும் எப்படி அசைய வேண்டும், எப்போது மூச்செடுக்க வேண்டும் என்பதை அவன் புத்தகத்தில் வாசிக்கட்டும். திண்ணையில் குப்புறப் படுத்துச் செய்தும் பார்க்கட்டும். தண்ணீரில் இறங்குவது மட்டும் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதுதான். வாவியின் அடி சேறு, ஆழம் திடீரென்று மாறும். மாரியில் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கத்து இழுவையில் நன்றாக நீந்துகிறவர்களே திணறுவார்கள். இதில் அவன் எவ்வளவு அடம் பிடித்தாலும் நீங்கள் இளகக் கூடாது.

அடுத்த பெட்டியை முடித்ததும் படம் அனுப்புங்கள். அனுப்பும்போது மூடியை வைத்து அழகாக எடுக்க வேண்டாம். பெட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து, அடியை நேர் மேலிருந்து ஒன்றும், நான்கு மூலைகளையும் கிட்ட வைத்து ஒவ்வொன்றுமாக எடுங்கள். எந்த மாதம் இழைத்தீர்கள், ஓலையை எப்படி ஈரப்படுத்தினீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அவை இருந்தால் மிச்சமிருக்கும் கோணல் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்துச் சொல்லிவிடலாம்.